சோளக்காட்டுக் கணக்கு வகுப்பு

சேலத்தில் ஒரு நூல் கடையில் பதினான்கு வருஷம் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என்னைக் கல்லூரிப் பொறுப்பாளராக நியமித்து உத்தரவு வந்தபோது என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "கொல்லிமலையில காலேஜா?" என்பதுதான். எனக்கும் அதே சந்தேகம்தான். ஊர்ப்புறத்தில் வளர்ந்த ஆட்களுக்கும் ஒரு தொழிற்படிப்பு கிடைக்க வேண்டுமென்று அங்கங்கே மக்கள் கல்லூரிகள் திறந்துகொண்டிருந்த காலம் அது. புக் கீப்பிங் ஹையர் பரீட்சை தேறியவன் என்ற தகுதியில் மனுப் போட்டிருந்தேன். கிடைக்கும் என்று நினைக்கவில்லை. மலைமேல் போக வேறு யாரும் சம்மதிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்போது மலைக்கு பஸ் கிடையாது. அடிவாரத்தில் இறங்கி, பாடப் புத்தகக் கட்டுகளைச் சுமைக்கு ஆள் வைத்து ஏற்றிவிட்டு, நானும் பின்னாலேயே நடந்தேன். முப்பத்தெட்டு வயதில் நாற்காலியிலேயே இருந்து பழகிய கால்கள். ஐந்து இடத்தில் உட்கார்ந்து எழுந்துதான் மேலே போய்ச் சேர்ந்தேன். சோளக்காடு என்ற ஊரின் சந்தைக்கு மேலே ஒரு மேட்டில், தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. எவரோ காப்பித் தோட்டக்காரர் கட்டி, பிறகு கைவிட்டுப்போனது. அதன் வாசலில் 'மக்கள் கல்லூரி' என்று பலகை மாட்டியிருந்தது. ஒரே ஒரு படிப்பு: கணக்குப் பதிவு, ஒரு வருஷம். ஒரே ஒரு ஆசிரியர், நான். முதல்வர், எழுத்தர், மணி அடிப்பவர் எல்லாம் நானே.

கிளம்புவதற்கு முன் சேலத்து அதிகாரி என்னைக் கூப்பிட்டு ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னார்.

"ஆலோசனைக் குழுன்னு ஒண்ணு இருக்கணும். உள்ளூர் ஆளுங்க நாலு பேரு போதும், அதுல ஒருத்தர் பொம்பளை. மாசம் ஒரு கூட்டம். நடவடிக்கைப் புத்தகத்துல கையெழுத்து. அது இல்லைன்னா மானியம் வராது."

"அவங்க என்ன ஆலோசனை சொல்லணும் சார்?"

அவர் சிரித்தார். "பாடத்திட்டம் மேலேயிருந்து வந்துரும். அவங்க வந்து காப்பி சாப்பிட்டுப் போனாப் போதும்."

நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

குழுவுக்கு ஆள் பிடிப்பது சுலபமாகத்தான் தொடங்கியது. மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அப்படி ஆலத்தூர் நாட்டு ஊர்க்கவுண்டர் முதலாவது. என் வயதுதான் இருக்கும். சாமையும் மிளகும் விளைவிக்கிற விவசாயி. பேசுவதற்கு முன்னால் ஒரு தரம் தொண்டையைச் செருமிக்கொள்வார், ஆனால் பேசினால் பிறகு நிறுத்தமாட்டார். இரண்டாவது, சோளக்காட்டில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கிக் கீழே அனுப்புகிற வியாபாரி. அடிவாரத்துக்காரர், முப்பது வயதுக்குள். அப்பா இறந்தபின் கடையை ஏற்றிருந்தார். மூன்றாவது, கூட்டுறவுச் சங்க மேற்பார்வையாளர் ஒருவர். முதல் கூட்டத்துக்கு வந்தவர், முழங்கால் வலி என்று மற்ற எல்லாக் கூட்டத்துக்கும் தபாலில் சம்மதம் எழுதி அனுப்பினார். அவரை இதோடு விட்டுவிடலாம்.

பெண் உறுப்பினர்தான் கிடைக்கவில்லை. பெரக்கரை நாட்டில் ஒரு அம்மாள் தன் விளைச்சலைத் தானே சந்தைக்குக் கொண்டுவந்து பேசி விற்கிறவர் என்று ஊர்க்கவுண்டர் சொன்னார். நடந்து போனேன். அன்னாசிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவராக இருக்கலாம். கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே வைக்காமலே நான் சொன்னதைக் கேட்டார்.

"எனக்கு எழுதத் தெரியாதுங்களே."

"பரவாயில்லீங்க. ரேகை வெச்சாப் போதும்."

"ரேகை வெக்கறதுக்கு அத்தன தூரம் வரோணுங்களா? பொஸ்தகத்த இங்கயே கொண்டாந்து வாங்கிக்குங்க."

"இல்லீங்க, கூட்டத்துக்கு வந்து பேசணும்."

அவர் முகம் மாறியது. "பேசோணும்னா வாரேனுங்க. அதுல என்ன?" என்றார்.

ஆடியில் வகுப்பு தொடங்கியது. பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள். இருபது வயதிலிருந்து நாற்பத்தைந்து வரை. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் கூட்டல் கழித்தல் போடவும் தெரிந்தவர்கள். வாரத்தில் நான்கு நாள், காலையில் வந்து மத்தியானம் காட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். களியை உருண்டையாக இலையில் கட்டிக்கொண்டு வருவார்கள். எனக்கும் ஒரு உருண்டை வரும். நான் ராசிபுரத்தில் அரிசிச் சோறு தின்று வளர்ந்தவன், முதல் வாரம் அதை விழுங்கத் தெரியாமல் மென்றுகொண்டிருந்ததைப் பார்த்து வகுப்பே சிரித்தது.

மழைக்காலத்தில் அந்தக் கொட்டகையில் பாடம் நடத்தியது இன்னும் கண்ணில் நிற்கிறது. மேகம் வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். கடைசி வரிசையில் இருப்பவர்கள் கொஞ்ச நேரம் காணாமல் போய் மறுபடி தெரிவார்கள். சாக்பீஸ் நமத்துப்போய்ப் பலகையில் வழுக்கும். அடுப்போரம் ஒரு தட்டில் போட்டு உலர்த்தி எடுத்துக்கொண்டு வருவேன். பேரேட்டின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் நான் "பற்று" என்று கத்தினால் அவர்கள் "வரவு" என்று எழுதுவார்கள். ஆனாலும் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நூல் கடையில் பதினான்கு வருஷம் நான் சொன்னதை யாரும் எழுதிக்கொண்டதில்லை.

பாடப் புத்தகத்தில் பம்பாய் வியாபாரி ஒருவர் வருவார். கண்ணாடிச் சாமான்கள் தருவித்து விற்பவர். அவருக்குக் கடனுக்கு எழுதித் தரும் உண்டியல்கள் உண்டு, வங்கியில் இரண்டு கணக்கு உண்டு, கிடங்கில் தீ விபத்துக்கூட உண்டு. நான் அந்த வியாபாரியின் குறிப்பேட்டை வரிவரியாக நடத்தினேன். புரட்டாசி முடிவதற்குள் பதினெட்டுப் பேர் பதினான்காகிவிட்டார்கள். நடவு, களையெடுப்பு என்று காரணம் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

அந்த மாதக் கூட்டம்தான் முதல் முறையாகக் கூட்டம் மாதிரி நடந்தது. அதற்கு முன்னால் நடந்தவற்றில் நானே தீர்மானம் எழுதி, நானே வாசித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அன்றைக்கும் எழுதி வைத்திருந்தேன். வாசிக்க ஆரம்பித்ததும் ஊர்க்கவுண்டர் தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க வாத்தியாரே, ஒண்ணு கேக்கோணும். போன வாரம் ரெண்டு நாளு நானும் பின்னால வந்து ஒக்காந்திருந்தனுங்க. பொஸ்தகத்துல ஒரு கடக்காரரு வாராரே, கண்ணாடி விக்கறவரு. அவரு யாருங்க?"

"அது சும்மா உதாரணத்துக்குங்க."

"எந்த ஊருங்க?"

"பம்பாய்."

"அங்க அவருக்குக் கணக்கு எழுத ஆளே கெடைக்கலீங்களா? நம்மாளுக எதுக்கு மலமேல ஒக்காந்துட்டு அவரு கணக்க எழுதிட்டிருக்கறாங்க?"

வியாபாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. உண்டியல் என்றால் என்ன, இரட்டைப் பதிவு ஏன் வேண்டும் என்று பத்து நிமிஷம் விளக்கினேன். பெரக்கரை அம்மாள் மடியிலிருந்து ஒரு கசங்கிய சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது போன மாசியில மொளகு போட்டதுக்கு வந்த சீட்டுங்க. கூரையில சொருகி வெச்சிருந்தன். இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்க வகுப்புல படிக்கறவங்ககிட்டக் கேட்டேன். நாலு பேரு பாத்தாங்க. ஒருத்தருக்கும் தெரியலீங்க."

வாங்கிப் பார்த்தேன். மொத்த எடை, அதன் கீழே ஈ.க., சா.க., தூ.க. என்று மூன்று வரி, பிறகு நிகர எடை. எனக்கே அந்த எழுத்துகள் என்னவென்று சட்டென்று விளங்கவில்லை. வியாபாரி சிரிப்பை நிறுத்தியிருந்தார். அது அவருடைய கடைச் சீட்டு.

"அது வழக்கமான கழிவுங்க" என்றார்.

"இருக்கட்டுங்க. என்ன வழக்கம்னு தெரிஞ்சுக்கலாம்னுதான். இத வகுப்புல சொல்லித் தரலாமுங்களா வாத்தியாரே?"

நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. "பாடத்திட்டம் மேலேயிருந்து வருதுங்க. அதை நாமாக மாத்த முடியாது" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கோபமில்லை, உண்மையாகவே புரியவில்லை என்கிற பார்வை. "அப்பறம் எங்கள எதுக்குங்க கூப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

அன்று முன்கூட்டி எழுதி வைத்திருந்த தீர்மானத்தின்மேல் யாரும் கையெழுத்துப் போடவில்லை. நானும் போடச் சொல்லவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். நூல் கடையில் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கடையின் சீட்டுகளைப் படிக்கத்தான் நான் கற்றுக்கொண்டேன், புத்தகம் அதற்குப் பிறகுதான் வந்தது. அது ஏன் எனக்கு மறந்துபோயிற்று என்று தெரியவில்லை. மறு கூட்டத்தில், வாரத்தில் இரண்டு நாள் புத்தகம், இரண்டு நாள் சந்தைச் சீட்டு என்று நானே முன்மொழிந்தேன். ஊர்க்கவுண்டரும் பெரக்கரை அம்மாளும் சரி என்றார்கள். வியாபாரி எழுந்து நின்றார்.

"என் கடைச் சீட்ட எல்லாருக்கும் முன்னால வெச்சுப் பிரிச்சுக் காட்டப் போறீங்க. அதுக்கு நானே கையெழுத்துப் போடோணுங்களா?" என்று கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

ஐப்பசி மழையில் வகுப்பின் போக்கே மாறிவிட்டது. வீட்டுக் கூரைகளில் சொருகியிருந்த சீட்டுகளெல்லாம் வந்தன. புகையேறி மஞ்சளானவை, எலி கடித்தவை, மூன்று நான்கு கடைகளுடையவை. ஈ.க. என்றால் ஈரக் கழிவு, சா.க. சாக்குக் கழிவு, தூ.க. தூசிக் கழிவு என்று ஒவ்வொன்றாகப் பிரித்தோம். விட்டுப் போயிருந்த நால்வரில் இரண்டு பேர் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் பெயரை மறுபடி பதிவேட்டில் ஏற்ற விதியில் இடமில்லை. ஏற்றாமலே நடத்தினேன்.

மூன்றாவது வாரம், நாற்பது வயது மாணவர் ஒருவர், வகுப்பிலேயே மெதுவாக எழுதுகிறவர், கையைத் தூக்கினார்.

"சார், நான் மொளகக் கூடையிலதானுங்க கொண்டு போனேன். கூடை எடைக்குத் தனியாக் கல்லு வெச்சுத்தான் நிறுத்தாங்க. அப்பறம் எதுக்குங்க சாக்குக் கழிவு?"

எல்லோரும் அவரவர் சீட்டை எடுத்துப் பார்த்தார்கள். கூடையில் கொண்டுபோனவர்கள் எல்லோருக்கும் சாக்குக் கழிவு பிடித்திருந்தது.

அடுத்த சந்தை நாளில் எங்கள் மாணவர்கள் ஏழெட்டுப் பேர் கடைக்குக் கடை நின்று அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நான் அனுப்பவில்லை. அவர்களாகவே போனார்கள். மறுநாள் காலை வியாபாரி வகுப்புக்கு நடுவிலேயே உள்ளே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்னத் திருடன்னு சொல்லிக் குடுத்திருக்கறீங்க."

"அப்படிச் சொல்லலீங்க. சீட்டுல எழுதியிருக்கறத வாசிச்சோம்."

"எங்கப்பா காலத்துலயிருந்து அப்படித்தான் எழுதறது. நான் அச்சடிச்ச சீட்டுல நம்பரு போடறேன், அவ்வளவுதான். எனக்கு மட்டும் கீழ மண்டியில கழிக்காம விட்டர்றாங்களா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மலையில் அவர் பெயர் கெட்டுப்போய்விட்டது. அதற்கு நானும் ஒரு காரணம் என்பது என்னை உறுத்தியது. ஊர்க்கவுண்டரிடம் சொன்னேன். அவர், "கேட்டதுல தப்பில்லீங்க. ஆனா அவனும் நம்ம குழுவுல ஒரு ஆளு. விட்டறக்கூடாது" என்றார். இரண்டு தடவை கடைக்குப் போய்க் கூப்பிட்டார். வியாபாரி வரவில்லை.

தையில் மிளகுப் பறிப்பு தொடங்கியபின் ஒரு நாள் தானாகவே வந்தார். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு, கொட்டகை வாசலில் நின்றார். கையில் ஒரு காகிதக் கட்டு.

"இது மண்டியில எனக்குக் குடுக்கற சீட்டுங்க. பாதி இங்கிலீசு, பாதி மண்டிக்காரங்க எழுத்து. எங்கப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மொத்தத்த மட்டும் பாத்துட்டு வந்துருவோம்." கட்டை நீட்டி, "இதையும் வகுப்புல வெப்பீங்களா?" என்றார்.

கட்டை வாங்கி மேஜைமேல் வைத்தேன். "வெக்கலாங்க. நீங்களும் வந்து ஒக்காருங்க" என்றேன்.

வந்தார். முதல் நாள் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. கடைசி பெஞ்சில் தனியாக இருந்தார். கூடைக் கேள்வி கேட்ட அந்த மாணவர்தான் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மண்டிச் சீட்டைப் பலகையில் பெரிதாக எழுதினேன். தரகு, கோயிலுக்கென்று பிடிக்கும் மகமை, மாதிரிச் சரக்கு, இறக்குக்கூலி என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது. இறக்குக்கூலி மூட்டைக் கணக்கில் ஒரு தரம், எடைக் கணக்கில் வேறு பெயரில் இன்னொரு தரம் என இரண்டு முறை பிடித்திருந்தார்கள். அதைக் கண்டுபிடித்தது நானல்ல, பெரக்கரை அம்மாள். எழுத்துத் தெரியாதவர், அன்று சும்மா வந்து உட்கார்ந்திருந்தவர். நான் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்துக்கொண்டே வந்தபோது, "எறக்கறதுக்கு முன்னாலயே ஒருக்கா குடுத்தாச்சுங்களே, மறுக்கா எதுக்கு எறக்கறாங்க?" என்று கேட்டார். வியாபாரி அவரைப் பார்த்துக் கும்பிட்டார். விளையாட்டாக இல்லை, நிஜமாகவே.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வியாபாரி மலை இறங்கிப் போய் மண்டியில் பேசினார். ஒரு கூலியை நிறுத்தினார்கள். அவர் திரும்பி வந்து முதல் வேலையாகக் கூடைக்குச் சாக்குக் கழிவு பிடிப்பதை நிறுத்தினார். மற்ற கடைக்காரர்களுக்கும் வேறு வழியில்லாமல் போயிற்று.

இதற்கு நடுவில் கிலோ வந்துசேர்ந்தது. நயா பைசாவையே அப்போதுதான் மலை ஒருவாறு சீரணித்திருந்தது. வீசை, பலம் என்ற பழைய எடைகளில் பழகிய ஆட்களிடம் புது எடைக்கல்லை நீட்டியதும், ஏமாற்றத்தான் இந்த ஏற்பாடு என்று முடிவுகட்டிவிட்டார்கள். இரண்டு சந்தை நாள் மிளகு விற்காமல் திரும்பிப் போனது. குழு அவசரமாகக் கூடியது. யாரும் கையெழுத்தைப் பற்றி நினைக்கவில்லை. வியாபாரி, "என் தராசையே இங்க கொண்டாந்து மாட்டறேன்" என்றார். ஊர்க்கவுண்டர் ஊர் ஊராகச் சொல்லியனுப்பினார்.

மாசி வெயிலில் அந்த மேட்டில் கூடிய கூட்டத்தைப் போல அந்தக் கல்லூரியில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கொட்டகை விட்டத்தில் தராசு தொங்கியது. ஒரு தட்டில் பழைய வீசைக் கல், மறு தட்டில் புதுக் கிலோக் கல். பெரக்கரை அம்மாள்தான் தராசடியில் நின்றார். வேறு யார் நின்றாலும் பெண்கள் நம்பமாட்டார்கள் என்று அவரே சொல்லிவிட்டார். ஒரு கிலோக் கல்லோடு இருநூறு இருநூறாக இரண்டு கல் சேர்த்ததும் முள் நடுவில் வந்து நின்றது. "ஒரு வீசைக்கு ஒரு கிலோவும் நாநூறும்" என்று உரக்கச் சொன்னார். பிறகு தட்டை மாற்றி வைத்துக் காட்டச் சொன்னார்கள். மாற்றி வைத்தார். பிறகு வேறு கடையிலிருந்து வீசைக் கல் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்தார்கள். அந்தக் கல் சற்றுக் குறைவாக இருந்தது. அதன் சொந்தக்காரர் கூட்டத்திலிருந்து மெல்ல நகர்ந்து போனார். எங்கள் மாணவர்கள் பதினான்கு பேரும் ஆளுக்கொரு பலகையில் வீசைக்கும் கிலோவுக்கும் விலைப் பட்டியல் எழுதி, வந்தவர்களுக்கு வாசித்துச் சொன்னார்கள். நான் ஒரு ஓரத்தில் நின்றேன். எனக்கு அன்று வேலையே இருக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து, நான்கு வரிக்குமேல் எழுத முடியாமல் மடித்து வைத்துவிட்டேன்.

சித்திரையில் பரீட்சை. கேள்வித்தாள் கீழேயிருந்து முத்திரை வைத்து வந்தது. பிரித்துப் பார்த்தேன். முழுக்கப் பம்பாய் வியாபாரி. உண்டியல் மறுப்பு, வங்கிச் சரிக்கட்டு, தீ விபத்து நஷ்டம். நாங்கள் பாதி நேரமே தொட்ட பாடங்கள். மாணவர்கள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் வரிசைக்கு நடுவில் நடந்துகொண்டே, தவறு செய்துவிட்டேனோ என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். பதினான்கு பேரில் நான்கு பேர் தேறினார்கள். கூடைக் கேள்வி கேட்டவர் தேறவில்லை. முடிவைச் சொன்னபோது, "நாலு பேரு போதுமுங்க சார், ஊருக்கு ஒருத்தரு ஆச்சு" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

விளக்கம் கேட்டு அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. வகுப்பைத் தொடர்வதா என்று பரிசீலிக்கப்படும் என்றும் எழுதியிருந்தது. குழுவில் வாசித்தேன். வேலை போய்விடும் என்ற பயமும் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை. ஊர்க்கவுண்டர், "எழுதி அனுப்பாதீங்க. நேர்ல போலாம்" என்றார்.

மூவரும் நானும், கூடவே தேறாத மாணவர் இரண்டு பேரும் விடியலில் மலை இறங்கினோம். பெரக்கரை அம்மாள் அதற்கு முன் சேலம் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியிலிருந்த வயல்களையெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தார். ஆபீசில் மத்தியானம் வரை காத்திருந்தோம். அதிகாரி எங்கள் எல்லோரையும் ஒன்றாகப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"பதினாலு பேர்ல நாலு பேர்தான் தேறியிருக்காங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டார்.

ஊர்க்கவுண்டர் செருமினார். "தேறாத பத்துப் பேர்ல ரெண்டு பேரக் கூட்டியாந்திருக்கறமுங்க. நீங்களே எதாச்சும் கேட்டுப் பாருங்க."

வியாபாரி அந்த வாரத்து மண்டிச் சீட்டை மேஜைமேல் வைத்தார். மாணவர்களில் மூத்தவர் அதை எடுத்து, நின்றபடியே, வரி வரியாக விளக்கினார். எது நியாயமான கழிவு, எது கேட்டுக் குறைக்கலாம், கிலோவுக்கு நிகரமாக என்ன கிடைக்கிறது என்று கடைசிவரை சொல்லி முடித்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பாடத்திட்டத்துல இல்லையே" என்றார்.

"ஆமாங்க, இல்லீங்க" என்றார் பெரக்கரை அம்மாள். "அதச் சொல்லத்தானுங்க வந்தோம்."

அதிகாரி கெட்டவர் இல்லை. பாடத்திட்டத்தை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை, ஆனால் மேலே எழுத அதிகாரம் இருந்தது. எழுதினார். வைகாசி, ஆனி இரண்டு மாதமும் நான் தபாலுக்குக் காத்திருந்தேன். ஆடி பிறந்த பிறகு உத்தரவு வந்தது. உள்ளூர் வணிகக் கணக்கு என்று ஒரு தனித்தாள் சேர்த்துக்கொள்ளலாம், கேள்விகளை ஆலோசனைக் குழுவைக் கலந்து தயாரிக்கலாம் என்றிருந்தது. பம்பாய் வியாபாரியும் முழுக்கப் போய்விடவில்லை. பாதி மதிப்பெண் அவரிடமே இருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. மலைக்கு வெளியே வேலை தேடுகிறவர்களுக்கு அதுவும் வேண்டித்தான் இருந்தது.

மேலும் மூன்று வருஷம் நடத்தினேன். இரண்டாம் வருஷம் இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள், ஐந்து பேர் பெண்கள். கேள்வித்தாள் தயாரிக்கும் கூட்டங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. "இது ரொம்பச் சுலபமுங்க" என்று வியாபாரி சொல்வார். "உங்க கடை வாசல்ல மொளகோட நின்னு பாத்தா அப்படித் தெரியாதுங்க" என்று பெரக்கரை அம்மாள் திருப்பிக் கொடுப்பார். மலையில் தொடங்கிய விற்பனைச் சங்கத்தில் முதல் கணக்கராக உட்கார்ந்தவர், முதல் வருஷம் தேறாமல் மறுவருஷம் தேறிய அந்தக் கூடைக்காரர். எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. படித்த இரண்டு பேர் ஒரு வருஷத்துக்குள் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, மறுபடி சீட்டைக் கூரையில் சொருகிக்கொண்டிருந்தார்கள். பெரக்கரை அம்மாள் எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டார். எழுத்துகளில் அவருக்கு மனம் போகவில்லை. "எனக்கு இது போதுமுங்க" என்றுவிட்டார். கடைசிவரை ரேகைதான்.

பிறகு திட்டத்தையே கீழே உள்ள வேறொரு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். சண்டை போட்டுப் பார்த்தோம். இந்தத் தடவை அதிகாரி வேறு, காரணமும் வேறு. எனக்குச் சமவெளியில் இடம் போட்டார்கள். என் மனைவிக்கு நிம்மதி. நான் வருத்தப்பட்டதை அவளிடம் அப்போது சொல்லிக்கொள்ளவில்லை.

கடைசிக் கூட்டத்துக்கு மூவரும் வந்திருந்தார்கள். தீர்மானிக்க எதுவும் இல்லை. மேஜை, பெஞ்சு, பலகை எல்லாம் விற்பனைச் சங்கத்துக்கு ஒப்படைக்கப்பட்டன என்று ஒரு வரி எழுதினேன். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. தகரச் சத்தத்தில் பேச முடியவில்லை. பெரக்கரை அம்மாள் கொண்டுவந்திருந்த பலாச்சுளைகளைத் தின்றுகொண்டு வெளியே பார்த்தபடி இருந்தோம். மழை கொஞ்சம் ஓய்ந்ததும் ஊர்க்கவுண்டர் கேட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, மத்த ஊரு காலேசுகள்லயும் இந்த மாதிரிக் குழு இருக்குமுங்களா?"

"இருக்கணுங்க. விதி இருக்குது."

"அவங்கெல்லாம் என்னங்க பேசிக்குவாங்க?"

தெரியவில்லை என்று சொன்னேன். வியாபாரி சிரித்துக்கொண்டே அடுத்த சுளைக்குக் கை நீட்டினார். மழை முழுக்க விடும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.